எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது? ஒரு சொல்லாகவும் இரு சொற்களாகவும் எழுதப்படும் தமிழ்ச் சொற்கள்

நான் தோட்டப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) வரும் கடிதங்களை வாசித்துச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வந்து சேரும். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்த அடுத்த காம்பரா (அறை) அண்ணன், தீபாவளிக்கு முந்திய வாரம் தன் தாயாருக்கு எழுதிய கடிதத்தில், "மாமாவிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி இருந்தது. மாமாவிடம் வாங்கியிருந்த கடனை மகன் அடைத்துவிட்டான் என்று நான் சொன்னேன், தாயாரும் அப்படியே எடுத்துக்கொண்டார். பண்டிகைச் செலவுக்கு இனி என்ன செய்வது என்று கவலைப்பட்டு, கொழுந்து மடுவத்தில் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில்) கண்ட ஒருவரிடம் கைமாற்றும் வாங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து மாமா வந்து அதே ஐந்நூறு ரூபாயை அவர் கையில் வைத்தபோதுதான், மகன் எழுத நினைத்தது "கொடுத்து விட்டேன்" என்பது எங்களுக்கு விளங்கியது.

"விடு" என்ற வினை தனித்து நிற்கும்போது அனுப்புதல் என்று பொருள்படும்; "தம்பியிடம் சாப்பாடு கொடுத்து விட்டேன்" என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோம். அதே வினை இன்னொரு வினைக்குத் துணையாகப் பின்னால் வரும்போது தன் சொந்தப் பொருளை இழந்து, செயல் முடிந்தது என்பதை மட்டும் உணர்த்தும். பேச்சில் இந்த வேறுபாட்டைக் குரலும் பேசும் சந்தர்ப்பமும் காட்டிக்கொடுத்துவிடும். தாளில் அதைக் காட்டுவதற்கு நம்மிடம் இருப்பது இரண்டு சொற்களுக்கு நடுவே விடும் அந்தச் சிறு இடம் ஒன்றுதான். அதை எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்பதை, சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் படிக்கும் பிள்ளைகளுக்கும், தோட்டக் காரியாலயத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பிறருக்காகக் கடிதம் எழுதிக்கொடுப்பவர்களுக்கும் பயன்படும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

ஏட்டுச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடம் விடும் வழக்கம் இருக்கவில்லை. எழுத்துகள் ஒரே வரிசையாக ஓடும், மெய்யெழுத்தின் புள்ளிகூடப் பல ஏடுகளில் இடப்பட்டிருக்காது, வாசிப்பவரே சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அச்சு வந்து, உரைநடை பெருகி, 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றோர் பாடசாலைப் பிள்ளைகளுக்காக நிறுத்தக்குறிகளுடன் எளிய உரைநடை நூல்களை அச்சிட்ட பிறகே இன்று நாம் பழகிய எழுத்துமுறை உறுதிப்பட்டது. ஆயினும் ஒரு சொல்லா, இரு சொற்களா என்ற கேள்வி மிகவும் பழையது. நன்னூல் சொற்களைத் தனிமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று மூன்றாக வகுக்கிறது. சேர்ந்து நிற்கும்போது ஒரு பொருளும், பிரிந்து நிற்கும்போது வேறொரு பொருளும் தருவதே பொதுமொழி. தாமரை, வேங்கை, எட்டு, பலகை ஆகியவை இலக்கண ஆசிரியர்கள் வழிவழியாகக் காட்டிவரும் உதாரணங்கள். "சனசமூக நிலையத்தைப் பலகை கொண்டு கட்டினோம்" என்றால் சுவர் மரத்தால் ஆனது. "பல கை கொண்டு கட்டினோம்" என்றால் ஊரே சிரமதானம் செய்து எழுப்பியது.

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதே தொல்லை அந்த மொழியிலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் மனதில் நிற்கும் என்பது என் அனுபவம். "மேபி" என்று சேர்த்து எழுதினால் அது நம் "ஒருவேளை". "மே பி" என்று பிரித்து எழுதினால் "இருக்கலாம்" என்ற வினை. "சம்டே" சேர்ந்தால் என்றோ ஒருநாள். பிரிந்தால் நாட்களுள் ஏதோ ஒரு நாள். "எவ்ரிடே" என்பது சேர்ந்து நின்றால் "அன்றாட" என்பதுபோலப் பெயருக்கு முன் வரும் அடை. "எவ்ரி டே" என்று பிரிந்து நின்றால் "ஒவ்வொரு நாளும்". அதனால் தினமும் பாடசாலைக்குப் போகிறேன் என்று எழுதும் பிள்ளை அங்கே பிரித்தே எழுத வேண்டும். நிறைய என்று பொருள்படும் "எ லொட்" எப்போதும் இரண்டு சொற்கள்தான். அதைச் சேர்த்து எழுதுவது பிழை. முடியாது என்று பொருள்படும் "கெனொட்" வழக்கமாக ஒரே சொல்லாக எழுதப்படுகிறது.

மேலே சொன்ன "ஒருவேளை", "ஒருநாள்" இரண்டையும் நம் பிள்ளைகள் அடிக்கடி மாற்றி எழுதுவதைக் காண்கிறேன். "ஒருவேளை மருந்து கொடுத்திருப்பார்கள்" என்பது ஐயம். "ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள்" என்பது கணக்கு. "ஒருநாள் எல்லாம் மாறும்" என்பது எதிர்பார்ப்பு. "ஒரு நாள் சம்பளம் குறைந்திருக்கிறது" என்பது முறைப்பாடு. இவற்றைப் பிரித்தறிய நான் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முதல் சோதனை, நடுவே இன்னொரு சொல்லை நுழைத்துப் பார்ப்பது. "ஒரு முழு நாள் சம்பளம் குறைந்திருக்கிறது" என்று சொன்னால் வாக்கியம் நிற்கிறது, ஆகவே அங்கே இரண்டு சொற்கள். "ஒரு முழு நாள் எல்லாம் மாறும்" என்று சொன்னால் நாம் நினைத்த பொருள் கெட்டுவிடுகிறது, ஆகவே அது ஒரே சொல். இலக்கண விதி எதையும் மனப்பாடம் செய்யாத ஒருவரும் இந்தச் சோதனையைச் செய்யலாம்; பெரும்பாலான இடங்களில் இதுவே போதுமானது.

துணைவினைகளில்தான் அதிகமான பிழைகள் நேர்கின்றன, ஆகவே அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். விடு, கொள், இரு, வை, போடு, பார், படு போன்றவை வேறொரு வினையைத் தாங்கி வரும்போது சேர்த்து எழுதுவதே நல்லது: வந்துவிட்டார், வாங்கிக்கொண்டாள், எழுதிவைத்தோம், வெட்டிப்போட்டார்கள், வழங்கப்படவில்லை. இவற்றுள் "படு" ஒருபோதும் பிரியாது. "சம்பளம் வழங்கப் படவில்லை" என்று எழுதுவதற்கு எந்த நியாயமும் இல்லை. "பார்த்துக்கொள்" என்றால் கவனித்துக்கொள் என்று பொருள், "பார்த்துக் கொள்" என்றால் பார்த்து வாங்கு என்று பொருள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம், விலையைப் பார்த்துக் கொள்ளச் சொல்கிறோம். "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்பது நீளமாக இருப்பதால் பத்திரிகைகள் குறுகிய பத்திகளுக்காக "எழுதிக் கொண்டிருக்கிறேன்" என்று பிரிப்பதுண்டு, அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "எழுதி கொண்டு இருக்கிறேன்" என்று மூன்றாக உடைத்து, நடுவில் இருந்த ககர மெய்யையும் தொலைத்துவிட்டால் அது எழுத்துத் தமிழ் ஆகாது.

"இரு" என்பதன் வேறுபாடு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு மலையகத் தமிழரான நம்மவர்கள் வரத் தொடங்கிய ஆண்டாக 1823ஐக் கொள்கிறோம். 2023இல் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்தபோது பாடசாலைகளில் பிள்ளைகள் பல கட்டுரைகளை எழுதினார்கள். அவற்றில் சிலவற்றில் "எங்கள் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்திருந்தார்கள்" என்ற வாக்கியத்தைக் கண்டேன். அது உறவு வீட்டுக்கு வந்து திரும்பிப் போனவர்களைப் பற்றிச் சொல்வதுபோல ஒலிக்கிறது. அவர்கள் சொல்ல வேண்டியது "வந்து இருந்தார்கள்" என்பது: வந்தார்கள், இங்கேயே இருந்தார்கள், காட்டை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டார்கள். இங்கே "இரு" துணைவினை ஆகாது, அதுவே முதன்மையான வினை. ஆகவே அதற்கு அதன் இடத்தைக் கொடுத்தே தீர வேண்டும். "வந்து இங்கேயே இருந்தார்கள்" என்று நடுவே ஒரு சொல்லை நுழைத்து எழுதினால் எவருக்கும் ஐயம் எழாது.

"தான்" என்ற சொல்லும் இதே வகையில் இரண்டு வேலை செய்கிறது. அழுத்தம் கொடுப்பதற்காக வரும் "தான்" முன்னுள்ள சொல்லோடு ஒட்டி நிற்கும், தன்னைக் குறிக்கும் "தான்" தனியே நிற்கும். "கங்காணிதான் எழுதிய கணக்கைக் காட்டினார்" என்றால் வேறு யாரும் காட்டவில்லை, கங்காணியே காட்டினார் என்பது பொருள். கணக்கை எழுதியவர் யாரென்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. "கங்காணி தான் எழுதிய கணக்கைக் காட்டினார்" என்றால் அந்தக் கணக்கை எழுதியவரும் அவரே. கொழுந்து நிறுவையில் குறைவு என்று முறைப்பாடு எழுதும்போது, இந்த ஓர் இடைவெளியில் பொறுப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறிவிடும் என்பதை எழுதுபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

போது, படி, உடன் ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். "மழை பெய்தபோது", "சொன்னபடி", "கண்டவுடன்", "அம்மாவுடன்" என்று இவை ஒட்டியே வரும். "ஏறியபடி பேசினார்" என்பதில் உள்ள படி ஒட்டும், "ஏறிய படி உடைந்தது" என்பதில் உள்ள படி கால் வைக்கும் படி என்பதால் ஒட்டாது. "இல்லை" என்பது வினையோடு வந்தால் சேரும், பெயரோடு வந்தால் பிரியும்: வரவில்லை, ஆனால் பஸ் இல்லை. "பற்றி", "குறித்து" இரண்டும் எப்போதும் தனியே நிற்கும். "வேண்டும்" என்பதைச் சேர்த்தும் பிரித்தும் அச்சிடுகிறார்கள். "வரத்தான் வேண்டும்", "வரவும் வேண்டும்" என்று நடுவே இடைச்சொற்கள் நுழைவதால் நான் பிரித்தே எழுதுகிறேன்.

உடலுறுப்புகளின் பெயரோடும், முன், பின் போன்று இடத்தைச் சுட்டும் சொற்களோடும் பிறந்த வினைகள் நம் மொழியில் ஏராளம். அவற்றில் கவனக்குறைவு பெரிய வருத்தத்தையும் உண்டாக்கும். "பையில் கை விட்டார்" என்பதில் கையும் உண்டு, விடுதலும் உண்டு, "கையை மெதுவாக விட்டார்" என்று விரித்தும் சொல்லலாம். "மக்களைக் கைவிட்டார்" என்பதில் கைக்கும் வேலையில்லை, அதை விரிக்கவும் முடியாது. மரண அறிவித்தல் எழுதுபவர்கள் "கண்மூடினார்" என்று சேர்த்து எழுத வேண்டும், களைப்பினால் சற்று நேரம் "கண் மூடினார்" என்பது வேறு. "பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் முன்வந்தது" என்பது இசைவு, "எங்கள் லயத்துக்கு முன் வந்து நின்ற வான்" என்பது இடம். எதிர்பார், பின்பற்று, மேற்கொள் ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

தொழிற்சங்கக் கடிதங்களில் "வேலைநிறுத்தம்" என்ற சொல்லை ஆறுதலாக நின்று எழுத வேண்டும். சேர்ந்து நிற்கும் அந்தச் சொல், தொழிலாளர்கள் தாமே வேலைக்குப் போகாமல் நடத்தும் போராட்டத்தின் பெயராக நிலைபெற்றுவிட்டது. நிர்வாகம் மூன்று நாள் வேலை கொடுக்காமல் நிறுத்தியதை ஒருவர் "மூன்று நாள் வேலை நிறுத்தம்" என்று எழுதினால், இடைவெளி இருந்தாலும் வாசிப்பவர் போராட்டம் என்றே எடுத்துக்கொள்வார், அந்த மூன்று நாளுக்கும் சம்பளம் கேட்கும் நியாயம் வலுவிழந்துவிடும். இத்தகைய இடத்தில் இடைவெளியை நம்பியிராமல், "மூன்று நாட்களாக நிர்வாகம் எங்களுக்கு வேலை வழங்கவில்லை" என்று வினையாகவே எழுதிவிடுங்கள்.

நம் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த சொற்களை எப்படி எழுதுவது என்பதை எந்தப் பாடநூலும் எடுத்துச் சொல்லி நான் பார்த்ததில்லை, ஆகவே இங்கே என் தீர்ப்பையே தருகிறேன். இரண்டு சொற்கள் இணைந்து, அவற்றின் நேர்ப்பொருளில் அடங்காத ஒரு பொருளுக்குப் பெயராகிவிட்டால் சேர்த்து எழுத வேண்டும். பிள்ளைக்காம்பரா என்பது ஏதோ ஒரு பிள்ளையின் அறையைக் குறிக்காது, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தையே குறிக்கும். ஆகவே ஒரே சொல். அரைப்பேர் என்பது பாதி நாள் கூலியைக் குறிக்கும் தோட்டக் கணக்குச் சொல், அதுவும் ஒரே சொல். வழக்கமான நாள் வேலைக்கு வெளியே செய்யும் வேலைக்குப் பணமாகத் தரும் கூலியான கைக்காசு என்பதும் அப்படியே. பெரியதுரை (தோட்ட முகாமையாளர்), சின்னத்துரை (உதவி முகாமையாளர்) என்பவை பதவிகள். "பெரிய துரை" என்று பிரித்தால் ஆளின் உருவத்தையோ வயதையோ சொல்வதாகிவிடும். நல்லபாம்பு கடித்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்போது அது ஒரு பாம்பினத்தின் பெயர், ஆகவே எழுதும்போதும் சேர்த்தே எழுத வேண்டும். கொழுந்து மடுவம், தேயிலைத் தோட்டம், மலையகத் தமிழர் போன்றவற்றில் இரு சொற்களும் தத்தம் பொருளிலேயே நிற்பதால் அவற்றைப் பிரித்து எழுதலாம்.

அப்படிப் பிரிக்கும்போது நடுவே தோன்றும் வல்லின மெய்யை விட்டுவிடக்கூடாது. அது முதற்சொல்லின் இறுதியில் நிற்கும்: "தேயிலைத் தோட்டம்", "மலையகத் தமிழர்", "பிறப்புச் சான்றிதழ்". தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குவதில்லை என்பதை நினைவில் வைத்தால், "தேயிலை த்தோட்டம்" என்று எழுதும் பழக்கம் தானாகவே விலகும். இதற்கு மாறாக, ஊறுகாய், குடிநீர், சுடுசோறு போன்று, காலம் காட்டாத வினையும் பெயரும் ஒட்டி நிற்கும் வினைத்தொகைகள் வல்லினம் மிகாமலும் பிரியாமலும் நிற்கும். "ஊறு காய்" என்றோ "ஊறுக்காய்" என்றோ கடைப்பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் பழகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு: புணர்ந்து நிற்கும் சொல்லைப் பிரித்தால் பழைய எழுத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். "மரமில்லை" என்பது பிரிந்தால் "மரம் இல்லை" ஆகுமே தவிர "மர மில்லை" ஆகாது.

இந்தப் பிழைகளில் பல இப்போது கைத்தொலைபேசி வழியாகவும் நுழைகின்றன. விசைப்பலகை முன்மொழியும் சொல்லைத் தொட்டவுடன் அது தானாகவே ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடுவதால், "வந்து" என்பதைத் தொட்டு "விட்டேன்" என்பதைத் தொட்டால் இரண்டும் தனித்தனியாகவே விழும். ஆகவே தொலைபேசியில் எழுதிய கடிதத்தை அனுப்புமுன் அல்லது அச்சிடுமுன், வினைகளை மட்டும் கண்ணால் தேடி, விடு, கொள், படு, இல்லை என்பவற்றுக்கு முன்னால் தேவையற்ற இடைவெளி இருந்தால் அழித்துவிடுங்கள். நடுவில் ககரமோ பகரமோ வர வேண்டிய இடத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆட்பெயர்களில் மட்டும் மேலே சொன்ன சோதனைகள் எதுவும் செல்லாது. அங்கே இலக்கணத்தைப் பார்க்கக்கூடாது, பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். "முத்துலெட்சுமி" என்பது ஒருவரின் பெயர்; "முத்து லெட்சுமி" என்று எழுதினால், தந்தை பெயரை முன்னால் வைத்து எழுதும் நம் வழக்கத்தில், முத்து என்பவரின் மகள் லெட்சுமி என்று வாசிக்கப்படும், அடுத்த படிவத்தில் அது "மு. லெட்சுமி" ஆகிவிடும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயரை மாற்றி எழுதும்போது அந்த இடைவெளியும் கூடவே போகும். என் அத்தைக்கு நேர்ந்தது இதுவே. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது செக்ரோலில் (தோட்டத்தின் வருகை, சம்பளப் பதிவேட்டில்) பெயரை யாரோ இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறார். தேசிய அடையாள அட்டையில் அது ஒன்றாக இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்று, ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்ற கேள்வி வந்து, பல மாதங்கள் அலைய வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் வேலை செய்பவர் எவருக்கேனும் இப்படி வேறுபாடு இருந்தால், ஓய்வுபெறும் வரை காத்திருக்காமல், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்து, எழுத்துக்கு எழுத்தும் இடைவெளிக்கு இடைவெளியும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் முதலில் தோட்டக் காரியாலயத்துக்கு எழுத்தில் அறிவித்து, திருத்தச் சொல்லி, கடிதத்தின் பிரதியொன்றில் கிடைத்ததற்கான ஒப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருத்த முடியாத பழைய பதிவாக இருந்தால், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்றை முடிக்கலாம். அதில் இரண்டு வடிவங்களையும், இடைவெளி இருந்த இடத்தில் இடைவெளி விட்டு, இல்லாத இடத்தில் விடாமல், ஆவணங்களில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். அத்தைக்காக முதலில் எழுதிய சத்தியக்கடதாசியில் தட்டச்சு செய்தவர் இரண்டு வடிவங்களையும் ஒன்றுபோலவே அடித்துவிட்டதால், அதை மறுபடியும் எழுத வேண்டியிருந்தது.